இரண்டாம் பாதியில் விழுந்த கோல்கள்

அந்த வருஷம் லீக் பந்தயங்கள் பாதி முடிந்திருந்தபோது எங்கள் கால்பந்து அணி கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. எங்களுக்குக் கீழே இருந்த அணி இரண்டு ஆட்டங்களுக்கு மைதானத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் எங்களுக்குக் கீழே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சாயங்காலங்களில் அந்த அணிக்குக் கேப்டன். எங்களில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடினோம். ஆனியும் ஆடியும்தான் லீக் நடக்கும் மாதங்கள். பகலெல்லாம் வெயில் வாட்டும், ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு மேற்கே மேகம் கட்டிக்கொள்ளும். மழை பெய்யாது, வெளிச்சம் மட்டும் போய்விடும்.

பாதி லீக்கில் அணியை ஒருமுறை அலசிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் தலைவர் சொன்னார். அவர் ஹைகோர்ட் வக்கீல். பந்தும் சட்டைகளும் அவர் செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு ஆபீஸ் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம்: வக்கீல், நான், எங்கள் பின்காப்பு ஆட்டக்காரர். இந்த மூன்றாமவருக்குக் கச்சேரி ரோட்டில் தையல் கடை. வீட்டில் உருது பேசுவார், எங்களோடு எங்களைப் போலவே தமிழ். எல்லோருக்கும் அவர் பாய்தான். குள்ளமான ஆள், கெண்டைக்கால் உரல் மாதிரி இருக்கும். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை.

ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டோம். இடது ஓரத்தில் ஓடுகிற தபாலாபீஸ் குமாஸ்தா நல்ல வேகம், ஆனால் மூலைக்குப் போனபிறகு தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்க மாட்டான். வலது பக்கத்து ஆளுக்கு மலேரியா வந்து கொய்னா சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவனை இந்த மாதம் நம்ப முடியாது. ரயில்வேயில் வேலை பார்த்தவனைப் பெஜவாடாவுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்தது நடு முன்னணி ஆட்டக்காரன். அவன் வக்கீலுடைய அக்கா பிள்ளை. பூட்ஸ் வைத்திருந்த மூவரில் ஒருவன். அதுவரை ஒரு கோலும் போட்டதில்லை.

"அவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்படாது. நீங்களே சொல்லுங்கோ" என்றார் வக்கீல்.

பாய் ஜன்னலுக்கு வெளியே இருந்த பூவரச மரத்தைப் பார்த்தார். நான், நன்றாக ஓடுகிறான் என்றேன். வக்கீல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். அடுத்த ஆள் எங்கள் கோல்கீப்பர்.

அவன் ஊரூர்க் குப்பத்து மீனவன். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வருவான். முப்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம். வலை இழுத்த கைகள். அவன் கையில் விழுந்த பந்து நழுவி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் எங்கள் மேல் விழுந்த கோல்களை யோசித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் பாதியில் விழுந்தவை. அதுவும் தூரத்திலிருந்து உயரமாக வந்த பந்துகள். அவன் கையைத் தூக்குவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும்.

"முதல் பாதியிலே புலி, ரெண்டாம் பாதியிலே பொம்மை" என்றார் வக்கீல். "நடுவிலே அஞ்சு நிமிஷம் ஆரஞ்சுச் சுளை சாப்பிடறதுக்குள்ளே ஒரு மனுஷன் அப்படி மாறிடுவானா? எவனோ கையிலே எதையோ வச்சு அழுத்தியிருக்கான். இல்லேன்னா குடிச்சுட்டு வரான்."

பாய் திரும்பினார். "அவன் முன்னாடி நிக்கிறவன் நான், சார். அவன் மூச்சு என் பிடரியில படுது. குடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

வேறு என்ன காரணம் என்று வக்கீல் கேட்டார். பாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை தியாகராய நகர் அணியோடு ஆட்டம். அதற்குள் நான் அவனிடம் பேசிப் பார்ப்பது, திருப்தியில்லாவிட்டால் அவனை எடுத்துவிடுவது என்று முடிவானது. எடுக்கும்போது காரணத்தையும் எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் எடுப்பேன் என்றார் வக்கீல். எனக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட, அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் குப்பத்துக்கு நடந்தேன். பாலத்தைத் தாண்டும்போதே பொழுது இறங்க ஆரம்பித்துவிட்டது. குப்பத்துச் சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். அந்தச் சந்தில் அவனும் அவன் மனைவியும் எதிரே வந்தார்கள். அவள் இடுப்பில் கூடை. அவன் ஒரு கையை அவள் தோளில் போட்டிருந்தான். இரண்டு வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் கேலி செய்து சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி அந்நியோன்யம் என்றுதான் நானும் நினைத்து ஒதுங்கி நின்றேன்.

கிட்டே வந்தபோதுதான் அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வருவது கேட்டது. "கல்லு" என்பாள். அவன் காலைத் தூக்கி வைப்பான். "கவுறு" என்பாள். அவன் நின்று தாண்டுவான்.

என்னைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் நிற்கிறேன். அவன் முகம் நேராக என் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. "யாரு?" என்று அவளிடம் கேட்டான்.

"கேப்டன் சார்" என்றாள் அவள். அவன் கை அவள் தோளிலிருந்து இறங்கியது.

மணலில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தோம். பிறகு அவனாகவே சொன்னான்.

"பொழுது இருக்க சொல்லோ எல்லாம் கீது சார். சாஞ்சிச்சின்னா சாம்பல் கொட்னா மாதிரி ஆயிடுது. ரெண்டு வருசமா இப்டி. இந்த வருசம் ஜாஸ்தி."

அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். தெரிந்த அன்றிலிருந்து அவரைக் கடலுக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார்கள். "எங்க நைனாவ ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல சார். கரையில குந்த வெச்சிட்டு அவுங்கவுங்க போய்க்கினே இருந்தாங்க. அவரு சாவுற வரிக்கும் குந்திக்கினே இருந்தாரு."

அவன் மனைவியின் தம்பியோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவன். விடிவதற்கு முன் இருட்டில் இறங்குவார்கள். கயிறு, முடிச்சு, துடுப்பு எல்லாம் கைக்குத் தெரியும், அலை வருவது காதுக்குத் தெரியும், கரைக்குத் திரும்பும்போது வெயில் வந்துவிடும், அதனால் மச்சானுக்கு இதுவரை எதுவும் தெரியாது என்றான். மனைவிக்கு மட்டும் தெரியும்.

வக்கீல் சொன்னதை அவனிடம் மறைப்பது சரியில்லை என்று பட்டது. சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அப்டியே இருக்கட்டும் சார்" என்றான். "காசு வாங்கிட்டான்னே சொல்லிடு. குடிச்சிட்டு வந்தான்னாலும் சரி. கண்ணு தெரியலன்னு மட்டும் வாணாம்."

அவன் மனைவி கூடையைக் கீழே வைத்தாள். "இவுரு பேரு போனா போவுது சார். எந்தம்பி இவுர நம்பித்தான் அலைக்குள்ள எறங்குறான். இவுரு கைல கீறது அவன் உசுரு."

அவன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, அந்த வாரம் கடலுக்குப் போகாமல் முதுகு வலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வதாகவும், சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மச்சானிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னான். அந்த ஆட்டம் ஒன்று மட்டும் நிற்க விடுங்கள் என்றான். பாயிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "அவருக்குச் சொல்லு. முன்னாடி நிக்கறவருக்குத் தெரியணும்" என்றான்.

கடையில் பாயிடம் சொன்னபோது அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கையை எடுத்துவிட்டார். உயரப் பந்து வரும்போதெல்லாம் பின்னாலிருந்து அவன் குரல் தாமதமாக வந்ததை அவரும் கவனித்திருக்கிறார், அர்த்தம்தான் புரியவில்லை. அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் வெளியாள் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் ரெஃப்ரீயிடம் சொல்லிவிட்டு இடம் மாறிக்கொள்ளலாம். பாய் ஒரு வழி சொன்னார்: முதல் பாதி அவன் நிற்கட்டும், இரண்டாம் பாதியில் நான் கோலில் நிற்கிறேன், அவனை வலது ஓரத்தில் கோட்டை ஒட்டி நிறுத்திவிடுங்கள், பந்தை அந்தப் பக்கம் விடாமல் ஆடுவோம். குள்ளமான ஒருவரைக் கோலில் நிறுத்தி, நல்ல பின்காப்பையும் இழந்து, பத்து பேரோடு ஆட வேண்டும். ஆனாலும் சரி என்று எனக்குப் பட்டது. வக்கீலிடம் அவனுக்கு முழங்கால் வலி என்று ஏதோ சொன்னேன். அவர் நம்பவில்லை. உங்கள் பொறுப்பு என்றார்.

தியாகராய நகர் அப்போது புது ஊர். ஏரியைத் தூர்த்து மனை போட்டுப் பாதி வீடுகள் எழும்பியிருந்தன. அந்த அணியில் எல்லோரும் இளவட்டங்கள். சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் நல்ல கூட்டம். குப்பத்திலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், அவன் மச்சான் உட்பட.

முதல் பாதியில் அவன் ஆடியதுபோல் நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. இரண்டு முறை பக்கவாட்டில் பாய்ந்து பிடித்தான், ஒரு முறை மூன்று பேர் காலுக்கிடையில் விழுந்து பந்தை எடுத்தான். வக்கீலே நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். எங்கள் தபாலாபீஸ்காரன் அன்று எப்படியோ தலையைத் தூக்கிப் பார்த்து அனுப்பிய பந்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம்.

இடைவேளையில் அவனும் பாயும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது. அவனை ஓரத்துக்கு நானே நடத்திக் கொண்டுபோய், காலுக்குக் கோட்டைக் காட்டி நிறுத்தினேன். இருபது நிமிஷம்போலத் தாக்குப் பிடித்தோம். பாய் எட்டாத பந்துக்கெல்லாம் குதித்துக் குதித்து, எட்டிய ஒன்றிரண்டைத் தட்டியும் விட்டார். அப்புறம் எதிரணிக்காரன் ஒருவன் காலில் பட்ட பந்து திசை மாறி, யாரும் இல்லாத வலது ஓரத்துக்கு, நேரே அவனிடம் உருண்டு போனது. எதிரே ஒருவர்கூட இல்லை. எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கூட்டம் கத்தியது. அத்தனை பேர் கத்தியதில் அவனுக்குப் பந்தின் சத்தம் கேட்கவில்லை. அவன் கையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். பந்து அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து கோட்டுக்கு வெளியே போனது. இல்லாத பந்தை நோக்கி அவன் காலை வீசினான்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். குப்பத்து ஆட்கள் நின்ற இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். விசில் ஊதியதும் அவன் மச்சான் மைதானத்துக்குள் நடந்து வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். கோல்கீப்பருக்கு எதிரே வந்து நின்று, முகத்துக்கு முன்னால் கையை மெதுவாக ஆட்டினான். இவன் இமைக்கவில்லை.

"எத்தினி நாளா மாமா?"

குரலைக் கேட்டதும் இவன் தலை குனிந்தது. ரெண்டு வருசம் என்றான். இன்னிக்குச் சொல்லத்தான் இருந்தேன் என்றும் சொன்னான். அது உண்மை, ஆனால் அந்த நேரத்தில் அது உண்மை மாதிரி இல்லை.

"என் முதுவுக்குப் பின்னாடி குந்திக்கினு வந்தியே மாமா" என்றான் மச்சான். சத்தமாகச் சொல்லவில்லை. ரெண்டு வருஷத்து இருட்டுகளையும் அவன் அந்த இடத்தில் நின்று ஒருமுறை தாண்டியிருக்க வேண்டும். பிறகு மாமனின் கையைப் பிடித்து, கல் இருக்கிற இடத்தில் நின்று, பள்ளத்தில் நிதானித்து, பாலத்துப் பக்கம் கூட்டிப்போனான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. கடலுக்கு வேறு ஆள் சேர்த்துக்கொண்டான்.

மறு ஞாயிறு வக்கீல் என்னோடு குப்பத்துக்கு வந்தார். மணல் பூட்ஸுக்குள் போக, எல்லோர் முன்னாலும் நின்று, உன்னைத் தப்பாப் பேசிட்டேன் என்றார். அவன், நீங்க பேசினது எனக்குத் தெரியவே தெரியாதே சாமி என்றான். நான் அவனிடம் சொல்லியிருந்தது எனக்கும் அவனுக்கும் அவன் மனைவிக்கும்தான் தெரியும். கண் டாக்டரிடமும் வக்கீலே அனுப்பி வைத்தார். டாக்டர் மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னார். மீன்காரன் வீட்டில் மீன் எண்ணெய்க்கு என்ன பஞ்சம் என்று அவன் மனைவி சிரித்தாள். மாதக்கணக்கில் குடித்தும் குணமில்லை.

லீக் முடிவில் நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். பாய் அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் ஆடினார்.

கோல்கீப்பர் தன் அப்பாவைப் போல் உட்கார்ந்துவிடவில்லை. பகலில் கரையிலிருந்து பெரிய வலை இழுக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டான். மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவன் மனைவி மயிலாப்பூரில் மீன் விற்க வருவாள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஒரு வருஷம் கழிந்திருக்கும், ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தம்பி நேற்று வீட்டுக்கு வந்தான் என்றாள். விளக்கு வைத்தபிறகு வந்தானாம். அந்த ஒரு விளக்கு அவள் புருஷனுக்குப் போதாது. சோறு போட்டாளாம், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

பேசினார்களா என்று கேட்டேன்.

"ஒரு வார்த்த பேசல சார். தம்பி பூரா நேரமும் இவுர் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தான். இவுருக்கு அது தெரியல."

நீ அவனிடம் சொல்லக்கூடாதா என்றேன். சொல்லலாமா வேண்டாமா என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.