அம்மாவின் கழுத்தும் ஒரிஜினல் கவரிங்கும்

"எங்க அண்ணி கழுத்துல ஏறினா தங்கமே பித்தளையா பூடும்" என்று அத்தை சொன்னது தியாகதுருகத்தில், ஒரு காதுகுத்துப் பந்தியில். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவ ஆள் இல்லை என்று பின்பக்கம் போய்விட்டாள்.

மூன்று வாரம் முன்பு கள்ளக்குறிச்சியில் வாங்கிய கவரிங் சங்கிலி அது. கறுத்துப்போய், அவள் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு போட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கவரிங் கறுத்தால் கடையைக் குறை சொல்ல மாட்டார்கள். போட்டவளைச் சொல்வார்கள். சூட்டு உடம்பாம். அம்மா வெயிலில் கரும்புக்குச் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்கிறவள். வேர்க்காமல் என்ன செய்யும்? அவளோ குற்றத்தை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டாள். புதுச் சங்கிலி எது வாங்கினாலும் கலரில்லாத நெயில் பாலிஷை இரண்டு தடவை பூசித்தான் போடுவாள், தன் உடம்பிலிருந்து நகையைக் காப்பாற்ற.

நான் கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். காதுகுத்து முடிந்து ஒரு வாரம் போனும் கையுமாக இருந்தேன். நல்ல கவரிங் என்றால் செம்பின் மேல் மெல்லிசாகவாவது தங்கம் ஏறியிருக்கும். மட்டமானதில் இருப்பது வெறும் மஞ்சள் சாயம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் நம்பக் கூடாது, பித்தளையும் ஒட்டாது. ஆனால் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் சாயம் வந்துவிடும். தங்கம் வராது.

பஞ்சையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு அம்மாவை அந்தக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனேன். "வேணாண்டி, அவரு இன்னா பண்ணுவாரு, என் ஒடம்பு அப்டி" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு உப்பு வேர்வம்மா. ஜாஸ்தியா இருக்குது. நாங்க இன்னா பண்றது?"

அம்மா தலையாட்டினாள். அவர் முன்னாலேயே சங்கிலியைத் தேய்த்துக் காட்டினேன். பஞ்சு மஞ்சளானது.

அவர் சங்கிலியை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நெயில் பாலிஷ் அடிச்சிருக்கீங்க பாப்பா. தேய்ச்சா அதான் வரும், பின்ன பாயசமா வரும்?"

கலரில்லாத பாலிஷில் மஞ்சள் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும். பாலிஷை வீட்டிலேயே அழித்துவிட்டு வர யோசிக்காத என் மேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அப்ப அதே அட்டையிலேர்ந்து புதுசு ஒண்ணு எடுங்க."

"அதெல்லாம் பிரிக்கக் கூடாதும்மா."

பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "எடுத்துதான் காட்டுங்களேண்ணா. நானும் அதத்தான் வாங்கலாம்னு நின்னுகினு இருக்கேன்" என்றார்.

எடுத்தார். தேய்த்தேன். பஞ்சில் மஞ்சள், தேய்த்த இடத்தில் வெறும் செம்பு பல்லிளித்தது. கண்ணாடிக்குள் மேல் தட்டில் தொங்கியதையும் கேட்டு வாங்கித் தேய்த்தேன். பஞ்சு அப்படியே வெள்ளையாக இருந்தது.

"அது ஒரிஜினல் கவரிங். வெல ஜாஸ்தி" என்றார் மெதுவாக.

"அதச் சொல்லி வித்திருக்கலாமே. எங்கம்மா வேர்வய ஏன் சொன்னீங்க?"

அந்த அக்கா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் போய், டாக்டரிடம் கேட்பதுபோல் கேட்டாள்:

"அப்ப என் ஒடம்புல ஒண்ணும் இல்லீங்களா?"

பொய்யை விற்றவனிடம் போய் அத்தனை மரியாதையாக. எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்கலாம்போல இருந்தது.

"இல்லம்மா" என்றார், தலை நிமிராமல். மேல் தட்டுச் சங்கிலியைக் காகிதத்தில் மடித்து, காசு கேட்காமல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒங்க அத்தைக்குப் போன் போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

"எம்மா, அன்னிக்குப் பந்தியில சொன்னியே. என் ஒடம்புல ஒண்ணும் இல்லியாம். கடைக்காரரே சொல்லிட்டாரு."

கடைக்காரரே. மூன்று வருடமாக வேதியியல் படிக்கிற நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என் பேர் அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை. மறுபக்கம் அத்தை என்னவோ சொல்ல, அம்மா குரலை உயர்த்தினாள்.

"சிரிக்காத. அந்தப் போட்டோல நான் இல்ல. ஒன்னாலதான் இல்ல."

அவள் அத்தையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. முந்தானை தோளில் கிடந்தது. பச்சைக் கோடு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதை அவள் மூடவும் இல்லை.