ஒரே பலகையில்

2003ஆம் ஆண்டு மாசி மாதம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம், ஒரு கோயில் திடலில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. நான் பேஸ் கிட்டார். காலி எண்ணெய் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை பரப்பிய மேடை. என் ஆம்ப்ளிஃபயரைப் பலகைமேல் வைத்திருந்தேன். எனக்கு அளவாகத்தான் கேட்டது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் மைக் செட்டுக்காரர் திடலின் கடைசியிலிருந்து வேகமாக வந்தார்.

“தம்பி, கச்சேரியா பண்றீங்க? பின்னால ரைஸ் மில்லு ஓடுறாப்புல இருக்குது. பாட்டுல ஒரு வார்த்தை புரியல.”

குறைத்தேன். அடுத்த பாட்டில் எங்கள் பாடகி எடுப்பிலேயே சுருதி விலகினார். ஒத்திகையில் ஒருநாளும் விலகாதவர். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“கொறைச்சிட்டீங்களா?”

“ரைஸ் மில்லு ஓடுதாம்.”

“ஓடட்டுமே. ட்ரம்ஸு சத்தத்துல காதுல ஒண்ணும் வுழலீங்க. உங்க பேஸு எனக்குக் காலு வழியாதான் வருது.”

அவர் செருப்பை மேடைக்குக் கீழே விட்டுவிட்டு ஏறுவதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

இடைவேளையில் ஒரு வழி கண்டோம். ஆம்ப்ளிஃபயரைக் குறைவாக வைத்து, அவர் நிற்கும் பலகையின் மறுமுனைக்கு நகர்த்தினோம். ஜனங்களுக்குக் கேட்க, என் கிட்டாரிலிருந்து தனியாக ஒரு வயர் மைக் செட்டுக்குப் போயிற்று. திடலில் பாட்டு தெளிந்தது. அவருக்குச் சுருதியும் வந்தது.

அதன்பின் வேப்பூரோ நல்லூரோ, எங்கே போனாலும் முதல் வேலை பலகை தேர்வதுதான். நான் தாழ்ந்த தந்தியை மீட்டுவேன். அவர் வெறுங்காலோடு ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்து, “இதுதாங்க பேசுது” என்பார். “பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்கப்பா!” என்பார் மைக் செட்டுக்காரர். பாடகி சிரிப்பார். நான் சுருதி கூட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். என் வாசிப்பை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. இனியும் அவரே கேட்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதைச் சொல்லவுமில்லை.

2005 ஆவணியில் அவருக்குச் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம் ஆனது. “போயிட்டு வரேங்க” என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். புதிதாக வந்த பெண் நன்றாகவே பாடினார். கீபோர்டைக் கேட்டுச் சுருதி பிடித்தார். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். நான் மட்டும் பழைய வழக்கப்படி ஆம்ப்ளிஃபயரைப் பாடுகிறவர் நிற்கும் பலகையிலேயே வைத்துவந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சேத்தியாத்தோப்பிலேயே ஒரு கச்சேரி. இடைவேளையில் மேடை ஓரமாக வந்து நின்றார் எங்கள் பழைய பாடகி, தனியாக.

“கேக்குதுங்களா?” என்றேன்.

“நல்லாவே கேக்குதுங்க. பின்னால நின்னாக்கூட ஒண்ணொண்ணும் தனியாத் தெரியுது.” குனிந்து தன் கால்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றிருந்தார். “காலுக்குத்தான் வரல.”

பாட்டு மறுபடி தொடங்கியது. அவர் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மேடை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த, என் ஆம்ப்ளிஃபயர் இருந்த பலகைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கூட்டினேன். திடலின் கடைசியிலிருந்து மைக் செட்டுக்காரர், குறை, குறை என்று கையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகி அவர் பலகையிலிருந்து கையை எடுக்கும் வரை நான் மைக் செட்டுக்காரர் பக்கம் பார்க்கவில்லை.