டிகிரி அண்ணனின் அலாரம்

வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் நிமிர்ந்து பார்க்காத மனிதர், ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்குள் நுழைந்தால் டிகிரி அண்ணன் ஆகிவிடுவார். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு, உள்ளே எத்தனை டிகிரி என்று பதிந்துகொண்டே இருக்கும் லாகர் ஒன்று புதிதாக வந்திருந்தது. சென்சார் பெட்டிக்குள்ளே, கருவி வெளியே சுவரில், நடுவே ஒரு ஒயர். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ எட்டைத் தாண்டினாலோ அலாரம் அடிக்கும்படி வைத்தால் போதும் என்றார்கள். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. நாலுக்குக் கீழே இறங்கினாலோ ஐந்தைத் தாண்டினாலோ அடிக்கும்படி வைத்துவிட்டார்.

நர்ஸ் ஊசிமருந்து எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்குள் அலாரம் அலறியது. அண்ணன் ஓடிவந்து மறுபடி திறந்து, ஒவ்வொரு தட்டாகத் தடவிப் பார்த்தார். அலறல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"கதவ சாத்துங்கண்ணே, தானா நின்னுடும்."

"உள்ள என்ன ஆச்சுன்னு பாக்காம எப்படிம்மா சாத்துறது?"

தினமும் இதே கூத்து. ஒருநாள் காய்ச்சலென்று லீவு போட்டார்.

"நேத்து ஒண்ணு ரெண்டு தடவ அடிச்சுது, உடனே அடங்கிடுச்சு. அப்புறம் சத்தமே இல்ல," என்றாள் நர்ஸ், அவர் திரும்பி வந்ததும்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "சென்சார் போயிடுச்சு போல," என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்து நின்றார்.

அலாரம் அலறியது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.