தலைச்சோலைக் களத்து மழைமணி

ஆரோக்கியதாஸ், வயது நாற்பத்து நான்கு. ஏற்காடு கடைவீதியில் டி.வி. பழுதுபார்ப்பவர். 2024 மார்ச் 3, ஞாயிறன்று அவர் கடையில் ஆறு பேர் கூடி, காப்பி உலர்த்தும் களங்களுக்கு ஒரு மழைமணி வடிவமைக்க முடிவு செய்தனர். செம்புக் கோடுகள் பதித்த ஒரு தகட்டில் தூறல் பட்டதும் மணி அடிக்கும்; கொட்டையை மூடத் தார்ப்பாயோடு ஓடிவிடலாம். எத்தனை முறை அடித்தது என்பதையும் அதுவே எண்ணிக்கொள்ளும்.

பெட்டி ஒருவருக்கு, பேட்டரி ஒருவருக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தகட்டை வரைந்தவர் தலைச்சோலை நந்தினி. இருபத்து மூன்று வயது, டிப்ளமோ படித்தவர். தொடக்கத்தில் ஒருவர் வேலையில் மற்றவர் கைவைத்துச் சண்டை வந்ததால், ஆரோக்கியதாஸ் நோட்டில் ஒரு விதி எழுதினார்: வரைந்தவரே திருத்த வேண்டும்.

செப்டம்பர் 19 அன்று நந்தினி காய்ச்சலில் இறந்தார்.

அவர் வரைந்தபடியே ஆறு மணிகள் செய்து, நவம்பரில் ஆறு களங்களில் பொருத்தினார்கள். அவற்றில் ஒன்று நந்தினியின் தந்தை சின்னசாமியின் களம். சோதனை முழுவதும் சேலத்து வெயிலில் நடந்திருந்தது. மலையிலோ பனிமூட்டம் படிந்தாலே மணி அடித்தது. மஞ்சக்குட்டைக் களத்துக்காரர் முருகேசன், "மழை மறந்தாலும் உங்க மணி மறக்காதுங்க" என்று கேலி செய்தார். மறுவாரம் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

தகட்டின் செம்புக் கோடுகள் நெருக்கமாக இருந்ததே பிழை. விலக்கி வரைய அரை மணி நேரம் போதும். ஆரோக்கியதாஸ் கணினியில் படத்தைத் திறப்பார். மூலையில் நந்தினியின் பெயர் இருக்கும். மூடிவிடுவார். ஏழு வாரம் இப்படியே போயிற்று.

2025 ஜனவரி 12 அன்று படத்தை அச்செடுத்துக்கொண்டு தலைச்சோலைக்குப் போய், திருத்த அனுமதி கேட்டார். சின்னசாமி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"மத்தவங்களுக்கு மாத்திக் குடுங்க தம்பி. எங்க ஊட்டு மணி அப்படியே இருக்கட்டும்."

"ஏனுங்கண்ணா, பனிக்கெல்லாம் அடிக்குமுங்களே."

"அடிக்கட்டுமுங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவந்தது. மணி அடித்தது. சின்னசாமி எழுந்தார்.

"இதா வந்துட்டேன் கண்ணு."

ஆரோக்கியதாஸ் பின்னால் போய்ப் பார்த்தார். கொட்டை காலையிலேயே மூடியிருந்தது. ஒரு துளி விழவில்லை. சின்னசாமி தகட்டைத் துண்டால் துடைத்தார், மணி நின்றது. மூட்டம் மீண்டும் படியும்வரை அவர் அங்கேயே நின்றார்.

ஐந்து களங்களுக்குப் புதிய தகடு போயிற்று. பிப்ரவரி 9 அன்று ஆரோக்கியதாஸ் ஆறு மணிகளின் எண்ணிக்கையையும் நோட்டில் ஏற்றினார். கடைசி வரி இது:

தலைச்சோலை, பழைய தகடு. நான்கு வாரம். மழை: ஒரு முறை. மணி: அறுபத்தொரு முறை.