தக்காளிச் சிவப்புச் செருப்பு

அந்தத் தெருவில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பூட்ஸக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளை கூட விரலை நீட்டிக் காட்டும். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே தரையெங்கும் சில்லு சிதறிக் கிடக்கும் என்பதால் கனத்த பூட்ஸ் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அவள் சேர்ந்த காலத்தில் பெண்கள் எல்லோரும் வெளிக் கொட்டகையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் பார்க்கும் வரிசைக்கு ஆள் வேண்டும் என்றபோது இவள் போய் நின்றாள். பொம்பளைங்களுக்கு பூட்ஸ் கிடையாதேம்மா என்று மேஸ்திரி இழுத்தார். ஆம்பளைங்களுடையதில் இருப்பதிலேயே சின்னதைக் கொடுங்கள் என்றாள். சின்னது என்றால் ஏழாம் நம்பர். முனையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு போய் நின்றவள், தலை நரைக்கும்வரை அந்த வரிசையை விட்டு நகரவில்லை. பெண்களுக்கென்று அளவெடுத்த பூட்ஸ் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நிர்வாகமும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தது.

விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். குமிழி இருந்தால் தள்ளு, கீறல் இருந்தால் தள்ளு, கழுத்து கோணினால் தள்ளு. அதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்து, வெளி உலகத்தையும் அவள் அப்படியே பார்க்கப் பழகிவிட்டாள். காய்கறிக் கடைக்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே கூடையின் மேல்வரிசையை மாற்றி அடுக்கத் தொடங்கிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. வெயில் காலத்தில், வெயில் இறங்கும் நேரத்தில், விரல்கள் வெளியே தெரியச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வெறும் காலோடு திறந்த செருப்பு என்பது அந்தத் தொழிற்சாலையில் நினைத்தே பார்க்கக் கூடாத விஷயம். அவள் பாதங்கள் வெயில் படாமல் வெளிறி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்க் கிடந்தன. முதல் நாள் மாலை நடந்துவிட்டு வந்து, விரலுக்குள்ளே காற்று போகுது என்று மருமகளிடம் சொன்னபோது பூட்ஸக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாள் முழுக்க வீட்டில் பத்துப் பேருக்கான வேலை இருந்தாலும், அந்த மாலை நடை மட்டும் யாருக்கும் பங்கு போகாத அவளுடைய சொத்து.

அதில்தான் மண் விழுந்தது. விழுந்தது அவள்தான் என்றாலும் மண்ணைப் போட்டது மகன்.

மகனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எந்த வீடு எப்படித் தீப்பிடிக்கும், எந்த வண்டி எங்கே மோதும் என்று காலையிலிருந்து மாலைவரை யோசிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி கழன்று விழுவதில்லை. அம்மா நடக்கப் போகிறாள் என்றதும் அவனே கடைக்குப் போய், அம்மா அளவு ஏழு என்று சொல்லி, ஒரு கறுப்புச் செருப்பு வாங்கி வந்தான். பட்டையும் தடியுமாக, பார்த்தாலே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும் செருப்பு. பிடிக்கவில்லை என்றாலும் பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததாயிற்றே என்று அவள் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் பூங்கா முனையில் செருப்பின் முனை மடங்கி, முட்டி தேயக் குப்புற விழுந்தாள்.

அவ்வளவுதான், வீடே மாறிப்போனது. இனிமேல் தனியாக நடப்பது கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகனே கூட்டிப் போவான். அந்த ஞாயிற்றுக்கிழமை நடையை அவள் ஒரு முறை அனுபவித்தாள். முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பள்ளம்மா, மேடும்மா, வண்டிம்மா என்று அவன் சொல்லிக்கொண்டே, பரணிலிருந்து பெரிய பானையை இறக்குகிற மாதிரி அவளை நடத்திக் கூட்டி வந்தான். எதிரே வந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை.

மகனைக் குறை சொல்லவும் முடியாது. அவனுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பு எலும்பு கூடியபிறகும் எழுந்து நடமாடாமல், படுக்கையிலேயே கிடந்து ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் மகன்தான். அந்தச் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை. அம்மாவையாவது விழ விடக் கூடாது என்பதில் அவன் பிடித்த பிடியில் நின்றான்.

அவளும் அவனைப் பெற்றவள்தானே. என் செருப்பை நான் போய் வாங்குகிறேன், அதற்குப் பிறகு பேசு என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகன் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அவன் அலுவலகத்தில் இருந்தபோது மருமகள், வாங்க அத்தை, போய்ப் பாத்துட்டாவது வரலாம் என்று கிளப்பிவிட்டாள். மருமகளுக்கு மாமியார் மேல் பாசமா, புருஷன் மேல் கோபமா என்பது இங்கே முக்கியமில்லை.

கடைக்காரர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. அந்தப் பொறுமை அன்றைக்கு நன்றாகவே சோதிக்கப்பட்டது. முதலில், உங்க வயசுக்கு இது சரியா இருக்கும்மா என்று மண்நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். வயசை விடுங்க, காலைப் பாருங்க என்று அதைத் தள்ளினாள். அடுத்ததன் வாருக்குள் கட்டைவிரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தையல் முடிச்சு உறுத்தியது. தள்ளு. இன்னொன்றை இரண்டு கையாலும் வளைத்தாள். விரல் மடங்குகிற இடத்தில் வளையாமல் நட்டநடுவில் வளைந்தது. தள்ளு. ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தாலும் அடி காகிதம் போல மெல்லிசு. வெயில் நேரத் தார் ரோட்டில் இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பாதம் வெந்துவிடும் என்று அதையும் தள்ளினாள். குதிகால் உயர்ந்தது, முன்பக்கம் குறுகியது, நடந்தால் டப்பு டப்பு என்று அடிப்பது, எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்தன. மருமகள் வெட்கப்பட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மேல் தட்டில் அவள் கண் போனது. தக்காளிச் சிவப்பு. முன்னால் இரண்டு அகல வார்கள் குறுக்கே போக, குதிகாலைச் சுற்றிப் பின்வார், பக்கவாட்டில் சின்னக் கொக்கி. அடி தடிமனாக இருந்தாலும் கையில் எடுத்தால் கனமே இல்லை. தேய்த்துப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள், கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தி அது மெத்தென்று மீள்வதைப் பார்த்தாள். தள்ளுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழு கொடுங்கள் என்றாள்.

கடைக்காரர் அவள் பாதத்தைப் பார்த்தார். அளவுப் பலகையை எடுத்து வந்து காலை அதன்மேல் வைக்கச் சொன்னார். அவள் மறுத்தாள். என் கால் அளவு எனக்குத் தெரியாதா, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஏழுதான் என்று வாதாடினாள். சும்மா வையுங்கம்மா, பலகை கடிக்காது என்றார் அவர். வைத்தாள். ஐந்து.

ஐந்தாம் நம்பரைப் போட்டதும் இறுக்குகிறது என்றாள். உண்மையில் இறுக்கவில்லை. செருப்பு காலோடு வருவதை அவள் அதுவரை அறிந்ததில்லை, அவ்வளவுதான். காலுக்கும் செருப்புக்கும் நடுவே துணி திணிக்க இடம் இருந்தால்தான் அது சரியான அளவு என்று உடம்பு நம்பிவிட்டது. நழுவாமல் இருக்க விரல்களால் கவ்விப் பிடித்தபடியே இத்தனை வருஷம் நடந்திருக்கிறாள். ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களின் கால் அளவை எடுக்க நேரம் கிடைக்காமல் போனதற்கு, அவள் பூங்கா முனையில் முட்டியைத் தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் பாட்டிலில் ஒரு கீறலைப் பிடித்த கண்ணுக்குத் தன் காலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று தன்மேலும்தான்.

கடைக்குள்ளே இரண்டு நடை நடந்தாள். பிறகு கடைக்காரரைக் கேட்காமலே வெளியே இறங்கி, கொதிக்கிற நடைபாதையில் முனைவரை போய்த் திரும்பி வந்தாள். காற்று விரல்களுக்குள்ளே புகுந்து புகுந்து போனது. பழைய செருப்பைக் கட்டிக் கொடுக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, வேண்டாம், அதை நீங்களே தள்ளிவிடுங்கள் என்றாள்.

சாயந்திரம் மகன் வந்ததும் வழக்கு நடந்தது. விழுந்தது வயசால் இல்லை, ரெண்டு நம்பர் பெரிய செருப்பால் என்று அவள் காலை நீட்டிக் காட்டினாள். அவன் சிவப்பைப் பார்த்துத் திகைத்தான், அளவைக் கேட்டுக் குழம்பினான். கடைசியில் அரைமனதாக இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டான். தனியாகப் போகட்டும். ஆனால் இன்னொரு தரம் விழுந்தால் அதோடு நடை முடிந்தது. கிடைத்தவரை லாபம் என்று அவள் தலையாட்டிவிட்டாள்.

அதன்பிறகு வந்த மாலைகளைச் சொல்லி மாளாது. தெரு முழுக்க அந்தச் செருப்பைப் பற்றித்தான் பேச்சு. இந்த வயசில் சிவப்பு கேக்குதா என்று கேட்டவர்களிடம், எந்த வயசில் கேட்கணும் என்று எனக்கு முன்னாடியே யாரும் சொல்லலையே என்றாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பூங்காவைச் சுற்றி, மணல்மேடு வரை போய்வந்தாள்.

ஒரு நாள் மணல்மேட்டுச் சரிவில் இறங்கும்போது மறுபடி விழுந்தாள்.

செருப்பின் மேல் தவறே இல்லை. சாயும் வெயிலில் சிவப்பு வாரும் விரல்களும் அவ்வளவு அழகாக இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நடந்ததில் நடைபாதையின் விளிம்பு கண்ணில் படவில்லை. கையை ஊன்றியதில் முழங்கை சிராய்த்தது. சுற்றிலும் யாரும் இல்லை. மெல்ல எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். நீளக் கையுள்ள சட்டைக்குள் முழங்கை மறைந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் நாளையும் நடை உண்டு. வீடுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். நினைக்க நினைக்கக் கசந்தது. ஒளித்து வைத்து நடக்க வேண்டிய நடை என்ன நடை?

வீட்டில் மகன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். பூட்ஸக்கா நேராகப் போய் அவன் எதிரே நின்றாள்.

"இன்னைக்கு விழுந்தேன். வேடிக்கை பாத்துக்கிட்டு நடந்தேன், விழுந்தேன். நாளைக்கும் நடக்கத்தான் போறேன்."

அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். எங்கே அடி, காட்டு என்றான். பிறகு, பேசினது என்ன, ஒத்துக்கிட்டது என்ன என்று குரலை உயர்த்தினான். அந்தக் குரலுக்குள்ளே நடுக்கம் இருந்தது அவளுக்குக் கேட்டது.

"அன்னைக்குத் தலையாட்டினேன். அது என் தப்பு. விழமாட்டேன்னு நான் எப்படிடா வாக்குக் குடுக்க முடியும்? நீ குடுப்பியா?"

"அப்பாவும் விழுந்துதாம்மா போனாரு."

இந்தப் பேச்சை அந்த வீட்டில் இதுவரை யாரும் எடுத்ததில்லை. மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். பூட்ஸக்கா நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபத்தோடு வந்தவள் இப்போது குரலைத் தணித்துக்கொண்டாள். இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"அவர் விழுந்து போகலப்பா. எலும்பு கூடினப்புறம் எழுந்து நடக்கணும்னுதான் கேட்டாரு. வேண்டாம், மறுபடி விழுந்துடுவீங்கன்னு நாம ரெண்டு பேரும் படுக்க வச்சோம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம். அந்த நல்லதை எனக்குச் செய்யாத."

தட்டில் சோறு ஆறிப்போனது. அவன் அவள் முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டே, நாளைக்கு எப்போ கிளம்புவ என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"வெயில் இறங்கினதும். வர்றதுன்னா நீயும் வா. ஆனா கையப் பிடிக்கக் கூடாது."

மறுநாள் அவன் சீக்கிரமே வந்துவிட்டான். சரிவுகளில் கூட அவள் பக்கமாக ஒருமுறையும் நீண்டுவிடாதபடி, வழி முழுக்கத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தான்.