பென்சிலில் எழுதிய சதம்

என் மகளின் நோட்டில் இரண்டு விதமான எழுத்து இருந்தது. ஆட்டத்தை விட்டு விலகியவர்களின் கணக்கு நீல மையில். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களின் கணக்கு பென்சிலில். பெண்கள் ஆடும் சர்வதேச ஒருநாள் போட்டிகளில் யார் எத்தனை சதம் அடித்தார்கள், யார் குறைந்த பந்தில் அடித்தார்கள், யார் சின்ன வயதில் அடித்தார்கள் என்று நோட்டு முழுக்க அதுதான். மையில் எழுதியது அப்படியே நிற்கும். பென்சிலில் எழுதியது எந்த நாளும் மாறலாம். மாறிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நிலத்தில் சாமந்திப் பூ போட்டிருக்கிறேன். காலையில் பூ மூட்டையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, டீக்கடையில் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை எடுப்பேன். ஆண்கள் ஆட்டத்துக்குப் பெரிய படம் இருக்கும். பெண்கள் ஆட்டம் கீழே ஒரு மூலையில் நாலு வரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உதடு அசையும். பக்கத்தில் யாராவது உட்கார வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன்.

அவள் ஒன்பதாவது படித்தபோது தருமபுரியில் மாவட்ட அளவில் விளையாட்டு வினாடி வினா வைத்தார்கள். முதல் சுற்று பொதுக் கேள்விகள். இரண்டாவது சுற்றில் அவரவர் எடுத்துக்கொண்ட தலைப்பில் ஐந்து கேள்விகள். முதல் பரிசு வாங்கும் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். என் மகள் சேலத்தைத் தாண்டியதில்லை. அங்கே இருக்கும் பெரிய கிரிக்கெட் மைதானத்தை வெளியே நின்றாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. ஒருநாள் தூக்கத்தில்கூட ஏதோ கணக்குச் சொன்னாள் என்று என் மனைவி சொன்னாள்.

வினாடி வினா நடந்த சனிக்கிழமை காலையிலேயே ஆஸ்திரேலியாவில் நம் பெண்கள் அணிக்கு ஆட்டம் இருந்தது. பென்னாகரத்தில் பஸ் ஏறும்போதே இருவருக்கும் அந்தப் பயம்தான். நம் நாட்டுப் பெண்களில் அதிக சதம் அடித்தவர் அந்த அணியின் தொடக்க ஆட்டக்காரர். என் மகள் அவரைச் சொந்த அக்காவைச் சொல்வது போல அக்கா என்றுதான் சொல்வாள். அவருடைய சதக் கணக்கு கட்டாயம் கேள்வியாக வரும் என்று நினைத்திருந்தோம். நோட்டில் அது பென்சிலில் இருந்தது.

போட்டியை நடத்திய ஆசிரியர் தொடக்கத்திலேயே மைக்கில் ஒன்று சொன்னார். சாதனைக் கணக்கு எதுவானாலும் கேள்வி கேட்கும் நிமிடம் வரைக்கும் சரியாக இருக்க வேண்டும், சரிபார்க்கத் தன்னிடம் போன் இருக்கிறது என்றார். பிள்ளைகளிடம் போன் கூடாது. பெற்றோர் வெளியே நிற்க வேண்டும்.

எதிரில் ஒரு பேக்கரியில் டிவி ஓடியது. டீ வாங்கிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். அக்கா அறுபத்திரண்டில் இருந்தார். அவர் சதம் அடிக்காமல் போனால் நோட்டில் இருக்கும் கணக்கு அப்படியே நிற்கும், என் மகளுக்குக் குழப்பம் இருக்காது. நம் ஆள் அவுட் ஆக வேண்டும் என்று அதற்கு முன் நான் எந்த ஆட்டத்திலும் நினைத்ததில்லை. அன்று நினைத்தேன். அவர் நாலு அடித்தபோதெல்லாம் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் சுற்று முடிந்து மணி அடித்தது. தண்ணீர் பாட்டிலுடன் ஓடினேன். அவள் முதல் இடத்தில் இருந்தாள். அதைக்கூடச் சொல்லாமல், "அக்கா எவ்ளோப்பா?" என்றாள்.

"எண்பத்தெட்டு சாமி."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. அடுத்த சுற்றில் ஆறு பேரில் அவள்தான் கடைசி. அவளிடம் கேள்வி வர இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

"அதுக்குள்ள அடிச்சிருவாங்களா? நீ பாத்த இல்ல?"

நான் பார்த்திருந்தேன். அவர் களைத்துப் போயிருந்தார். இரண்டு பந்து மட்டையில் படாமல் போனது, ஒரு கேட்சைத் தவறவிட்டார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா ஆடறாங்க. அடிச்சிருவாங்க" என்றேன்.

அவள் நோட்டைத் திறந்து பென்சிலால் என்னவோ செய்தாள். பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, நோட்டையும் பாட்டிலையும் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் பேக்கரிக்குத் திரும்பியபோது தொண்ணூற்றொன்று. பிறகு ஒன்று ஒன்றாக எடுத்தார். தொண்ணூற்றாறில் பந்தைத் தூக்கி அடித்தார். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி பிடித்துவிட்டாள். கடையே உச்சுக் கொட்டியது. எனக்குப் பெரிதாக மூச்சு வந்தது. கல்லாவில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணா, உங்களுக்கு ஆஸ்திரேலியாவுல சம்பந்தி வூடு இருக்குதுங்களா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அடிச்சிருவாங்க என்று நான் அவளிடம் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ரோட்டைத் தாண்டி ஓடினேன். வாசலில் ஒரு டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க வேணும்?"

என்ன கேட்பது? பிள்ளையிடம் விடையைச் சொல்ல வந்தேன் என்றா? "தண்ணி பாட்டில் கொடுக்கலாம்னு வந்தேனுங்க" என்றேன்.

"அதான் மொதல்லயே கொடுத்தீங்களே. ஓரமா நில்லுங்க."

நின்றேன். மைக் சத்தம் வெளியே நன்றாகக் கேட்டது. முதல் நாலு கேள்விக்கும் அவள் சரியாகச் சொன்னாள். ஐந்தாவது அதே கேள்வி. அவள் பென்சில் கணக்கைவிட ஒன்று கூட்டிச் சொன்னாள்.

"இல்லம்மா" என்றார் ஆசிரியர். "இப்பத்தான் பார்த்தேன். நூறு அடிக்கறதுக்கு முன்னாடியே அவுட் ஆயிட்டாங்க."

இரண்டாவது பரிசு. ஒரு கோப்பையும் சான்றிதழும் கொடுத்தார்கள். வெளியே வந்ததும், "எத்தனைலப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். "நாலு ரன்னு" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கோப்பை மடியில் கிடந்தது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "அவங்க அவுட் ஆவணும்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் ஏன்ப்பா அடிச்சிருவாங்கன்னு சொன்ன?"

"நீ ஆசையா கேட்ட."

இண்டூர் தாண்டியதும் என்னிடமிருந்து நோட்டை வாங்கித் திறந்தாள். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதி வைத்திருந்தாள். இடைவேளையில் என் எதிரிலேயே செய்தது அதுதான்.

"ரப்பர எடு. அழிச்சிரலாம்" என்றேன்.

"வுடுப்பா. அடுத்த மேட்ச்ல சரியாயிரும்."

அடுத்த ஆட்டம் மூன்று நாள் கழித்து. அன்று, மறுநாள் பேப்பர் வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. பூவை அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன்.

"ஏங்க, பொம்பளைங்க மேட்ச் ஓடுதுங்களா? நம்ம மொத ஆட்டக்காரங்க எவ்ளோங்க?"

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தேடி எடுத்து, போனை என் பக்கம் திருப்பினார். பதினேழு.

இன்னும் எண்பத்து மூன்று வேண்டும். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.