சாந்தாராம் அண்ணன் எடுத்த கிராஃப்

சாந்தாராம் அண்ணன் இன்று காலை தவறிவிட்டார். இப்போதுதான் போன் வந்தது...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியனாக இருந்தவர்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, அலங்காநல்லூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது எனக்கு வலிப்பு வந்தது. சி.டி. ஸ்கேனில் மூளையில் கட்டி. கேன்சராக இருக்கலாம் என்றார்கள்.

மண்டையைத் திறக்க நாளும் குறித்தாகிவிட்டது. என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

ஆபரேஷனுக்கு முன்பு எம்ஆர்ஐ எடுக்கத்தான் அவரிடம் போனோம். படத்தைப் பார்த்ததும் ஸ்கேன் சென்டர் டாக்டரிடம் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னது.

"டாக்டர், வளையம் மாதிரி தெரியுது. ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுத்துப் பாத்துருவோமா?"

அதே மெஷின்தான். ஆனால் கட்டிக்குள் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று கிராஃப் போட்டுக் காட்டும். கேன்சருக்கு ஒரு மாதிரி, கிருமிக் கட்டிக்கு வேறு மாதிரி.

பயத்தில் என் தலை ஆடிக்கொண்டே இருந்தது. கிராஃப் கெட்டுப்போனது. இரண்டாவது தடவையும்...

அண்ணன் உள்ளே வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா பேரு என்ன தங்கச்சி?"

"தேன்மொழிண்ணே."

"சரி, மனசுக்குள்ள தேன்மொழியத் தூங்க வையி. மத்தத நா பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரரையும் வாட்ச், பெல்ட்டெல்லாம் கழற்ற வைத்து உள்ளே கூட்டிவந்தார். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "இது டிபி கிருமிக் கட்டி மாதிரி தெரியுதும்மா. ஒங்க சர்ஜன்ட்ட நானே பேசுறேன். மொதல்ல மருந்து குடுத்துப் பாப்போம்."

என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஆபரேஷன் நின்றது. ஒன்றரை வருஷம் மாத்திரை. கடைசி ஸ்கேனில் கட்டி இருந்த இடத்தில் சின்னத் தழும்பு மட்டும்.

அண்ணன் பழைய ஃபிலிமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பாரு தங்கச்சி... எம்புட்டு இருந்தது!"

உடனே மனைவிக்கு போன் போட்டார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை "அலங்காநல்லூர்". நாலைந்து தடவை சொன்னார்... அப்படி ஒரு சிரிப்பு.

வீட்டிலும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வில்லாபுரத்தில் உங்கள் வீட்டுக்குத்தான் பஸ் ஏறிவிட்டோம் அண்ணே. நானும் அவரும் வாரோம்.

நன்றிண்ணே...